ராமாத்தாளின் கரியும் என் இங்கிலீஷும்

முப்பத்தொரு வருஷம் ஈரோட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் நடத்தினேன். நான் நடத்திய இங்கிலீஷை யாரும் பேசிக் கேட்டதாக நினைவில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, அதே இங்கிலீஷ் என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பி வைத்தது.

எங்கள் ஊரில் கரி சுடும் ராமாத்தாளை, அங்கே கிளமெண்டி என்ற பகுதியில் இருக்கும் ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் வந்து பேசும்படி கூப்பிட்டிருந்தார்கள். அவர் தமிழில் பேசுவார், நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்தது உள்ளூர் அறக்கட்டளை ஒன்று. ஊரில் இங்கிலீஷ் வாத்தியார்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எடுத்து ஆறு வருஷமாகியும் அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

ராமாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. மக்காச்சோளத் தட்டை, பருத்திமார், தேங்காய் ஓடு என்று மிஞ்சிப் போவதையெல்லாம் இரும்பு பேரலில் திணித்து, காற்றுப் போகாமல் மூடி, வெளியே தீ மூட்டிச் சுடுவார். சாம்பலாகாமல் கரியாக நிற்கும். அதை இடித்து, கழுவி, கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறைக்குள் நிரப்பினால், மேலே ஊற்றும் சாயத் தண்ணீர் அடியில் தெளிவாக வரும். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம், சாயம் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று படித்தவர்கள் விளக்குகிறார்கள். "கரி சாயத்தைக் குடிச்சுப்போடுதுங்க" என்பது ராமாத்தாளின் விளக்கம். எங்கள் ஊரில் நூலுக்குச் சாயம் ஏற்றும் நான்கு சின்னப் பட்டறைகள் அவருடைய கரியை நம்பி ஓடுகின்றன.

கிளமெண்டிக்காரர்கள் இந்த முறையை ஒரு வருஷம் முழுக்க உடனிருந்து சோதிக்க ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அளக்கும் கருவிகள், புதுத் தொட்டிகள், ஆட்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் ஊரா, வேறு ஊரா என்பது ராமாத்தாள் பேசுவதைப் பார்த்துத்தான் முடிவாகும். புறப்படும்போது அறக்கட்டளைச் செயலாளர் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"அந்தம்மா மனசுல இருக்கறத அப்படியே போட்டு ஒடைக்கும். நீங்கதான் பாத்து, பக்குவமாச் சொல்லணும் சார்."

பாத்துச் சொல்கிறேன் என்றேன்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ராமாத்தாளின் பையைத் திறந்து, உள்ளே இருந்த கரிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். இந்த இடத்துக்கென்றே நான் ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். தாவரக் கழிவிலிருந்து குறைந்த ஆக்சிஜனில் தயாரிக்கப்பட்ட, நீரைத் தூய்மைப்படுத்தப் பயன்படும் நுண்துளைப் பொருள் என்று இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணப் பிழை இல்லை. அதிகாரி கேட்டுவிட்டு ராமாத்தாள் பக்கம் திரும்பினார்.

"என்னங்க இது, கரியா?"

"கரிதாங்க."

"சமைக்கவா?"

"இல்லீங்க, தண்ணி சுத்தம் பண்ண."

ஆய்வுக்கூடம் கொடுத்திருந்த கடிதத்தைப் படித்துப் பார்த்து, "சரி, போங்க" என்றார். ராமாத்தாள் பொட்டலத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டே, "இங்க எல்லாரும் தமிழ்தான் பேசறாங்களா சார்?" என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றேன்.

தங்கியது லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைக்குப் பின்தெருவில். விடுதிக்காரர் மன்னார்குடி, மருந்துக் கடைக்காரர் தேவகோட்டை, சிம் கார்டு விற்றவர் சிவகங்கை. முதல் நாள் முழுக்க எனக்கு இங்கிலீஷ் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. பெயர்ப் பலகைகளும் தமிழில் இருந்தன, ராமாத்தாளே படித்துக்கொண்டார்.

சாயங்காலம் சந்தையின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசை காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட். யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ராமாத்தாள் அதை எடுத்துக்கொண்டு உரியவரைத் தேடப் போனார். உரியவர் கையில் நூடுல்ஸ் தட்டோடு எதிரே வந்தார், சீனப் பெண்மணி, எழுபது வயது இருக்கும். தன் பாக்கெட் நடந்து வருவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

பரோட்டாவை அங்கே பிராட்டா என்கிறார்கள். அந்தக் கடைக்காரர்தான், அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' சேர்த்து விளக்கினார். "டிஷ்யூ வெச்சா அந்த டேபிள் அவங்களுது லா. யாரும் தொடமாட்டாங்க."

"நம்மூர் பஸ்ல துண்டு போடற மாதிரி" என்றேன். ராமாத்தாள் பாக்கெட்டைத் திரும்ப மேசையில் வைத்து, கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாள் நகர்ந்து எங்களுக்கும் இடம் கொடுத்தார். பிராட்டாவுக்கு மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். ராமாத்தாளுக்கு இரண்டும் பிடித்திருந்தது, சேர்த்துச் சாப்பிடுவதுதான் பிடிக்கவில்லை. தனித்தனியாகச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் கிளமெண்டியில் கூட்டம். பூகிஸ் நிலையத்தில் ரயில் மாற வேண்டும். மேடையில் இரண்டு பக்கமும் வண்டி வந்தது. "சார், இது சரியான வண்டிதானுங்களா?" என்று ராமாத்தாள் கேட்டார். பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன் என்றேன். படித்தது உண்மைதான். வண்டி தரைக்கு மேலே வந்தது, அடுக்குமாடிகள் வரிசையாகப் போயின, ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெட்டியில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியபோது பாசிர் ரிஸ் வந்தது. தண்டவாளமும் அதோடு முடிந்தது.

கிளமெண்டி மேற்கே இருக்கிறது. நாங்கள் நின்றது கிழக்குக் கடைசி. நடைமேடையில் கம்பி பொருத்திக்கொண்டிருந்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "தப்பா வந்துட்டீங்கண்ணே. இதே வண்டி திரும்பிப் போகும், உக்காந்துக்கங்க. ஒரு மணி நேரம் ஆகும்" என்றார். ராமாத்தாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழியில் குறுக்கிட்ட கால்வாய்களை எண்ணிக்கொண்டு வந்தார். எல்லாம் சிமெண்டு பூசியவை. "எதுலயும் நொரை இல்லீங்க சார்" என்றார். எங்கள் ஊர் ஓடையில் நுரை இல்லாத நாட்கள் உண்டு, அன்றைக்குத் தண்ணீரே இருக்காது.

போய்ச் சேரும்போது பதினொன்றைத் தாண்டிவிட்டது. இருபது பேர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் லிம், ஒல்லியான மனிதர், வாசலுக்கே வந்து எங்களை வரவேற்றார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் தர்ஷினி, முப்பது வயதுக்குள், சிங்கப்பூரிலேயே, ஈசூனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கண்ணாடிக் குழாய், வாளி, சிவப்புச் சாயம் எல்லாவற்றையும் அவர் தயாராக வைத்திருந்தார்.

ராமாத்தாள் கரியைக் குழாயில் நிரப்பி முதலில் நல்ல தண்ணீர் ஊற்றினார். கறுப்பாக வந்தது. பின்வரிசையில் யாரோ தலையை ஆட்டினார்கள். "மொதத் தண்ணி இப்படித்தான் வருமுங்க. அதைக் கீழ ஊத்திப்போடணும்" என்றார். அதை இங்கிலீஷில் சொன்னேன். அப்புறம் சிவப்புத் தண்ணீரை ஊற்றினார். அடியில் சொட்டுச் சொட்டாகத் தெளிவாக வந்தது. அதை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். கை தட்டினார்கள்.

எதைச் சுடுகிறீர்கள் என்று கேட்டார்கள். "தட்டை, தொட்டி, எதுன்னாலும்" என்றார். தர்ஷினி, தண்ணீர்த் தொட்டியையா சுடுகிறார் என்று என்னிடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் தொட்டி என்றால் தேங்காய் ஓடு. அதை நான் சரியாக எடுத்துச் சொன்னேன். இரண்டு நாளில் முதல்முறையாக நான் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

அப்புறம் டாக்டர் லிம் ஒரு கேள்வி கேட்டார். சாயத்தைக் குடித்த கரி ஒருநாள் நிறைந்துவிடும். நிறைந்த கரியை என்ன செய்கிறீர்கள்?

ராமாத்தாளிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொன்னார்.

"மூட்டை புடிச்சுக் கொட்டாய்ல போட்டு வெச்சிருக்கேனுங்க. அதை எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. பயன்படுத்திய கரி பாதுகாப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதை அடுத்து எப்படிக் கையாள்வது என்பது பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னேன். நல்ல இங்கிலீஷ். டாக்டர் லிம் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

தர்ஷினி கையைத் தூக்கினார்.

"சார், அவங்க அப்படிச் சொல்லல. எங்க போடறதுன்னே தெரியலன்னுதான சொன்னாங்க?"

முதலில் தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அதையே அவர் இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவது போலத்தான் சொன்னார். முப்பத்தொரு வருஷம் நான் அதே தொனியில் பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறேன். மறுபக்கத்தில் நின்று கேட்டது அன்றுதான் முதல்முறை.

கூடத்தை அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரயிலில் நாங்கள் தொலைத்த ஒரு மணி நேரம் அங்கே வந்து இடித்தது. டாக்டர் லிம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாளை ஓய்வெடுங்கள், நாளன்றைக்கு இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்றார். குறிப்பேட்டில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்ததைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் சரியான வண்டியில்தான் ஏறினோம். என் பக்கத்தில் இடம் இருந்தும் ராமாத்தாள் எதிர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலை செயலாளர் போனில் கூப்பிட்டார். "நல்லாப் போச்சுங்களா சார்?" என்று கேட்டார். கை தட்டினார்கள் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாக வைத்துவிட்டார்.

ராமாத்தாள் மத்தியானம் வரை என்னிடம் பேசவில்லை. நான் காப்பி வாங்கி வந்தேன், குடித்தார். சிராங்கூன் சாலையில் நடப்போமா என்று கேட்டேன், நடந்தார். பூக்கடைகள் முன்னே வாடிய மாலைகளைப் பெரிய கறுப்புப் பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றின் முன் மட்டும் நின்று, ஒரு பையைக் கையால் அழுத்திப் பார்த்தார். இதுவும் கரியாகும் என்று யோசிக்கிறார் என நினைத்தேன். கேட்கத் துணிவில்லை.

வாழையிலை போட்ட கடை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் வந்ததும் பேசினார்.

"நேத்து நான் சொன்னதை நீங்க என்னன்னு சொன்னீங்க சார்?"

இங்கிலீஷில் சொன்னதைச் சொன்னேன்.

"தமிழ்ல சொல்லுங்க."

"பழைய கரியைப் பத்திரமா வெச்சிருக்கோம். அடுத்து என்ன பண்றதுன்னு பரிசீலனை நடக்குது."

"பரிசீலனை யாரு பண்றாங்க?"

"யாரும் பண்ணல."

"சரிங்க" என்றார். ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு கவளம் சாப்பிட்டார். அப்புறம், "நான் வந்ததே அதைக் கேக்கறதுக்குத்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நாம் வந்தது சோதனைக்கு நம் ஊரைத் தேர்ந்தெடுக்க வைப்பதற்கு என்றேன்.

"அது நீங்க வந்ததுங்க. கரி சாயத்தைக் குடிக்கும்னு எனக்குத் தெரியும், அதை இவங்க வந்து சோதிக்கணுமா? குடிச்ச கரியை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. நம்மூர்ல யாருக்கும் தெரியாது. கேட்டாக்க, கண்ணு காணாத பக்கம் கொட்டுன்னு சொல்றாங்க. இவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்களாவே வாயெடுத்துக் கேட்டாங்க. நீங்க மூடிப்போட்டீங்க."

செயலாளர் சொன்னதால் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த வாக்கியத்தைத் தயாரித்தது நான். அதை நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டவனும் நான்தான். நாளைக்குத் தர்ஷினியே இங்கிலீஷில் சொல்லட்டும், நான் சும்மா உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தொட்டின்னா தெரியல" என்றார் ராமாத்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொல்றத மட்டும் சொல்லுங்க."

நான்காம் நாள் அரை மணி நேரம் முன்பே கிளமெண்டி போய்ச் சேர்ந்தோம். அதே இருபது பேர், அதே நாற்காலிகள். ராமாத்தாள் மைக்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் காட்டிச் சொன்னார்:

"முந்தாநேத்து இந்த சார் நான் சொன்னதை மாத்திச் சொல்லிப்போட்டாருங்க."

மொழிபெயர்ப்பவன் பேசுகிறவராகவே பேச வேண்டும் என்பது விதி. அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் என் நெஞ்சில் நானே விரலை வைத்து, முந்தாநாள் இந்த மனிதர் என் பேச்சை மாற்றிவிட்டார் என்று இங்கிலீஷில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டர் லிம் தர்ஷினியைப் பார்த்தார். சரியாகத்தான் சொல்கிறார் என்று தர்ஷினி தலையசைத்தார்.

"மாத்தாம இப்ப சொல்றேனுங்க" என்று ராமாத்தாள் தொடர்ந்தார். "போன மழைக்குக் கொட்டாயோட தகரம் ஒரு பக்கம் பறந்துபோச்சு. மூட்டையெல்லாம் நனைஞ்சுது. அடியில செவப்பா ஒழுகுச்சு. எங்க கெணறு அங்கிருந்து முப்பது அடி. ரெண்டு நாள் கழிச்சு எறைச்சுப் பாத்தா தண்ணி ரோஸ் கலருல வந்துது. இப்ப அந்தத் தண்ணியக் குடிக்கறதில்லீங்க, மாட்டுக்கும் வெக்கறதில்லீங்க. யாருகிட்டயும் சொல்லல. சொன்னாக்க கரி வேண்டாம்னு பட்டறைக்காரங்க சாயத் தண்ணிய மறுபடி ஓடையில விட்டுருவாங்க. தண்ணியச் சுத்தம் பண்றேன்னு சொல்லி என் கெணத்தைக் கெடுத்துப்போட்டேன். இதை எப்படிச் சரி பண்றதுன்னு நீங்க சொல்லணும்."

இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு முன்பே தெரியாது. அவர் ஒரு வரி சொல்ல, நான் ஒரு வரி சொன்னேன். கிணறு வந்தபோது நான் ஒரு வரி பின்தங்கிவிட்டேன். அவர் நிறுத்தி, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

டாக்டர் லிம் குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்களிடம் பெரிய எரியுலைகள் இருக்கின்றன. நிறைந்த கரியை நாங்கள் அங்கே அனுப்பிவிடுகிறோம். லாரி வரும், எடுத்துப் போகும். அதனால் இந்தப் பிரச்சினையின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நான் கேட்டது, படிவத்தில் இருந்த ஒரு கேள்வி."

அதைத் தமிழில் சொன்னேன். அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நின்ற இடத்திலேயே எனக்குக் கால் வலித்தது. மூட்டைகளை மண் தரையிலிருந்து எடுத்து, சிமெண்டுத் தளத்தின் மேல், தண்ணீர் படாத கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். சுற்றிலும் வரப்புக் கட்ட வேண்டும். வைக்க இடம் இல்லாத அளவுக்குக் கரியை நிறைய விடக் கூடாது. அதைத் திரும்பச் சுட்டு இன்னொரு முறை பயன்படுத்த முடியுமா, செங்கல் சூளையில் எரிக்கலாமா, புகையில் என்ன போகும் என்பதெல்லாம் சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். இதெல்லாம் தெரியும் வரை குறைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டர் லிம் கேட்டார். நான்கில் இரண்டு பட்டறைகளை நிறுத்திக்கொள்கிறேன் என்றார் ராமாத்தாள்.

"அந்த இரண்டும் ஓடையில் விடுமே" என்றார் டாக்டர் லிம்.

"விடும்ங்க" என்றார் ராமாத்தாள். "சீக்கிரம் சோதிச்சுச் சொல்லுங்க."

கடைசியில் முடிவையும் சொன்னார்கள். இந்த வருஷச் சோதனைக்கு எங்கள் ஊர் இல்லை, மூட்டைகளுக்கு வழி தெரியாமல் அங்கே இன்னும் கரி நிரப்புவது சரியாகாது. அதற்குப் பதிலாக நிறைந்த கரியிலும் கிணற்றுத் தண்ணீரிலும் மாதிரி அனுப்பினால், அவர்களே சோதித்துச் சொல்வார்கள். நான் அதைத் தமிழில் சொல்லும்போது ராமாத்தாளின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் "ஆகட்டுங்க" என்றார். பிறகு தர்ஷினியிடம், மாதிரியைப் பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புவதா கண்ணாடி சீசாவில் அனுப்புவதா என்று விசாரிக்க ஆரம்பித்தார். "கிளாஸ் பாட்டில்தான்க்கா. மூடி டைட்டா இருக்கணும்" என்றார் தர்ஷினி.

அன்று சாயங்காலமே எங்களுக்கு விமானம். அதற்குமுன் செயலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "உங்களை எதுக்கு சார் அனுப்பினோம்?" என்று கேட்டார். மொழிபெயர்க்க என்றேன். அவர் வைத்துவிட்டார்.

விமான நிலையத்தில் நேரம் இருந்தது. மாதிரியோடு அனுப்ப வேண்டிய படிவத்தைத் தர்ஷினி எங்கள் கையிலேயே கொடுத்திருந்தார். மூன்று பக்கம், எல்லாம் இங்கிலீஷ். மடியில் வைத்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன். ராமாத்தாள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"தரை எப்படி இருக்கு?"

"மண்ணுங்க."

"கூரை?"

"தெக்குப் பக்கம் இல்ல."

"மூட்டை நனைஞ்சுதா?"

"நனைஞ்சுது."

எல்லாம் எழுதி முடித்ததும், படித்துக் காட்டச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் தமிழாக்கி வாசித்தேன். எங்கள் விமானத்துக்கு வரிசை நிற்க ஆரம்பித்தது. அவர் அசையவில்லை, நானும் எழவில்லை. "மழையில் சில மூட்டைகள் நனைந்தன" என்று வாசித்தபோது கையை நீட்டி நிறுத்தினார்.

"சிலன்னு நான் சொன்னேனுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. எழுதும்போது கை தானாகப் போட்டிருக்கிறது.

"எல்லாமேங்க சார்."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'எல்லா' என்று இங்கிலீஷில் எழுதினேன்.